மறுகரை என்று ஒரு பிள்ளை

வெண்கல வாத்தியாருக்குத் தன் மனைவி மேல் பொறாமை வந்தது ஒரு சிரிப்புச் சத்தத்தில்தான்.

இரண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம். அவர் 'அ' பிரிவுக்கு இலக்கியம் எடுத்தார், அவள் 'ஆ' பிரிவுக்கு. நடுவில் ஒரு சுவர். இத்தனை வருஷமாக அந்தச் சுவரைத் தாண்டி இவர் குரல் அந்தப் பக்கம் போகுமே தவிர, அந்தப் பக்கத்திலிருந்து இங்கே எதுவும் வந்ததில்லை. இவர் ஒரு பாட்டை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் அடுத்த வகுப்புப் பிள்ளைகளும் பேனாவை வைத்துவிட்டுக் கேட்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்வார்கள். முக்கியமாக அவரே சொல்லிக்கொள்வார். அந்தக் குரலுக்காகப் பிள்ளைகள் வைத்த பேர்தான் வெண்கலம். அது தன் காதில் விழுந்த அன்றைக்கு வகுப்பில் கோபப்படுகிற மாதிரி நடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்தியதில் வகுப்பு புழுங்கியது. ஈரச் சட்டை நாற்றம், நனைந்த பை நாற்றம். வாத்தியார் தோணிக்காரன் பாட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷப் புத்தகத்தில் வந்திருந்த நீளமான கதைப்பாட்டு அது. வெள்ளம் புரண்டு ஓடும் நாளில், அவசரமாகப் போக வேண்டும் என்று அழுத ஒரு பெண்ணை அக்கரை சேர்க்கப் போகிறான் தோணிக்காரன். திரும்பி வரவில்லை. அவளோடு ஓடிப்போய்விட்டான் என்கிறது ஊர். அவன் மனைவி நம்பவில்லை. தினமும் கரையில் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

விளக்கு வைக்கிற இடம் வந்தால் வாத்தியார் குரலைத் தழைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தால் முன் பெஞ்சில் யாராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கும் குரலைத் தழைத்தார், கண்ணை மூடினார். சரியாக அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து கொல்லென்று சிரித்தார்கள். மேஜையைத் தட்டினார்கள். யாரோ நாய் மாதிரிக் குரைத்தார்கள்.

அவர் கண்ணைத் திறந்தார். முன் பெஞ்சில் யாரும் அழவில்லை. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், அங்கே என்ன நடக்குது?" என்றாள் ஒருத்தி.

"பாடம் நடக்குது. நீ புத்தகத்தைப் பாரு."

"அங்கேயும் இதே பாட்டுத்தான் சார் நடத்துறாங்க. நாங்களும் அந்த வகுப்புக்குப் போகலாமா சார்?"

அவள் வெகுளியாகத்தான் கேட்டாள். வாத்தியாருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

சாயங்காலம் வீட்டில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"என்ன, இன்னிக்கு உன் வகுப்புல ஒரே கூத்து?"

"ஐயோ, உங்களுக்குத் தொந்தரவாப் போச்சா?" டீச்சருக்கு வாயெல்லாம் பல். "இந்தப் பிள்ளைங்க பாட்டுன்னாலே தூங்கி வழியுதுங்கல்ல? அதனால கதையில வர்ற ஆளுங்க, பொருளுங்க எல்லாத்தையும் சீட்டுல எழுதிக் குலுக்கிப் போட்டேன். தோணிக்காரன், அவன் பொண்டாட்டி, ஆறு, தோணி, துடுப்பு, வம்பு பேசுற கிழவர். யாருக்கு எது வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. பள்ளிக்கூட டேப்லெட் இருக்குல்ல, அதுல ஒரு குரூப். அவங்கவங்க முகமூடிப் பேருல அதுல எழுதணும். நான் கேள்வி கேட்பேன். எழுதுறதெல்லாம் புரொஜெக்டர்ல சுவத்துல தெரியும். வீட்டுல போன் இருக்கிற பிள்ளைங்க சாயங்காலமும் எழுதலாம்."

"நாய் எங்கே வந்துச்சு? பாட்டுல நாயே கிடையாதே."

"அதான் வேடிக்கை! புதுசா முகமூடி வேணும்னாலும் வெச்சுக்கலாம்னு சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளை தோணிக்காரன் வீட்டு நாயா வந்துருச்சு. 'ஊரே அவரைத் தேடுது, எனக்குச் சோறு வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல'ன்னு எழுதுச்சு பாருங்க, எனக்கே சிரிப்பை அடக்க முடியல."

"யாரு அது?"

"கேட்கக் கூடாது. முகமூடிக்குப் பின்னால யாருன்னு யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது ஒண்ணுதான் சட்டம். அந்தத் தைரியத்துலதான் வாயே திறக்காததெல்லாம் எழுதுது."

"ம்ம்" என்றார் வாத்தியார். "நல்லாத்தான் இருக்கு, விளையாட்டு."

அந்த 'விளையாட்டு' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்தியதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. டேப்லெட்டில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் இவர் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டவள். கல்யாணமான பிறகும் எத்தனையோ வருஷம், நாளைக்கு இந்தப் பாட்டை எப்படித் தொடங்கட்டும் என்று இவரைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். அந்தக் கேள்வி எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. நின்றதே அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

நாலைந்து நாள் கழித்து அவள் வகுப்பு வாசலைத் தாண்டும்போது கரும்பலகை ஓரத்தில் அந்தக் குரூப்பில் சேருவதற்கான எண்ணை எழுதி வைத்திருப்பதைப் பார்த்தார். நடையைக் கூட நிறுத்தவில்லை. எத்தனையோ பாட்டை மனப்பாடம் செய்த மூளைக்கு ஆறு இலக்கம் எம்மாத்திரம்?

பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மச்சினன் கடைக்குப் போனார். டீச்சருடைய தம்பி. கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவன். கடை என்றால் ஓர் ஆள் நுழையலாம், இன்னோர் ஆள் நுழைய வேண்டுமானால் முதல் ஆள் வெளியே வர வேண்டும். கண்ணாடிப் பெட்டி நிறைய முதுகு கழற்றின போன்கள். அவன் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊசிமுனைச் சூட்டுக்கோலால் எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. மழையில எங்கே இந்தப் பக்கம்?"

"பழைய போன் ஏதாவது இருக்காப்பா?"

"உங்ககிட்ட இருக்கிறதே பழசுதானே மாமா. அதைவிடப் பழசுன்னா சுருள் கம்பியோடதான் வரும்."

"விளையாடாதே. இன்டர்நெட் வரணும். வேற நம்பர் போட்டுக் குடு."

மச்சினன் பூதக்கண்ணாடியைக் கழற்றினான். வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? அக்காவுக்குத் தெரியாம இன்னொரு போன், இன்னொரு நம்பர்... இந்த மாதிரி கேட்டு வர்ற ஆளுங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்."

"சீ! வாயைக் கழுவு. இந்த வயசுல எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்."

"அப்புறம் எதுக்கு?"

"பாடம் நடத்தத்தான்டா. நானும் கத்துக்கிட்டு ஒருநாள் உங்க அக்கா முன்னால திடீர்னு போய் நிக்கணும். நீ உளறிக் கொட்டிடாதே."

அதைக் கேட்டதும் மச்சினனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதைச் சொல்லுங்க! அக்கா வகுப்பைப் பத்தித்தான் மாமா கடைக்கு வர்ற சனமெல்லாம் பேசுது. எங்க வீட்டுப் பிள்ளை போனை எடுத்தா விளையாட்டுத்தான் ஆடும், இப்பப் பாட்டுல ஒரு வரிக்கு அர்த்தம் கேட்குதுன்னு ஒரு அம்மா சொல்லுது. எனக்கு ஒரே பெருமை. நீங்க குடுத்து வெச்சவரு மாமா."

குடுத்து வெச்சவர் போனை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தார். மச்சினனுடைய பெருமையும் சேர்ந்து எரிந்தது.

அன்று சாயங்காலமே மழை விட்டதும் மொட்டை மாடிக்குப் போய், மறுபடி காயப் போட்டிருந்த துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு, குரூப்பில் நுழைந்தார். பேர் கேட்டது. கதையில் எல்லாரும் பேசியாகிவிட்டது. பேசாமல் இருந்தது தோணி போய்ச் சேர வேண்டிய அந்தப் பக்கத்துக் கரை ஒன்றுதான். 'மறுகரை' என்று போட்டார். நுழைந்த உடனே குட்டையைக் குழப்பினார்.

'இப்படி விளையாடினால் பரீட்சையில் மதிப்பெண் வருமா?'

அடுத்த நிமிஷம் பிள்ளைகள் அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். 'யாருப்பா இது, பாதித் தூக்கத்துல எழுந்து வந்தது?' என்றது துடுப்பு. 'வெண்கலத்தோட ஆளா இருக்கும்' என்றது மழை. 'கரைன்னா ஓரமாக் கிட' என்றது நாய். அதற்கு எத்தனையோ பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். கடைசியில் அவர் மனைவி, அங்கே அவளுக்குப் பேர் 'கேள்வி', ஒரே ஒரு வரி எழுதினாள்.

'மறுகரை, நீ அந்த விளக்கைப் பார்த்தாயா?'

வாத்தியாருக்குத் திருப்பித் தர நல்ல காரமான பதில் ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பாட்டை நடத்தி வந்த நாளில் ஒரு தடவைகூட அவர் அந்தக் கரையிலிருந்து பார்த்ததில்லை. துணிகளை விலக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரம் போனார். பிறகு ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினார்.

'பார்க்கிறேன். தினமும் பார்க்கிறேன். அவள் அவனுக்காக வைக்கிறாள், எனக்காக இல்லை. எனக்காக யாரும் விளக்கு வைத்ததில்லை. அதனால் அவன் என் மேல் கிடப்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.'

குரூப் அடங்கிப் போயிற்று. 'அடப்பாவி' என்றது நாய். கீழே கூடத்திலிருந்து டீச்சர் 'அம்மாடி' என்று சத்தமாகச் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

கீழே இறங்கி வந்தவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "கை கழுவிட்டு வாங்க. சாப்பிடும்போது படிச்சுக் காட்டுறேன். இன்னிக்கு ஒரு பிள்ளை என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

தட்டில் சோறும் அவித்த முட்டையும் ஆறிக்கொண்டிருக்க, அவர் எழுதியதை அவருக்கே படித்துக் காட்டினாள். அவள் வாயில் அது இன்னும் நன்றாக இருந்தது. வாத்தியாருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று ஆகிவிட்டது. பொறாமைப்படுற கரை! இதுவரைக்கும் யாருக்காவது தோணியிருக்கா, என்றாள். எனக்குத் தோணியது என்று சொல்லிவிடலாமா என்று அவருக்கு இருந்தது.

"நானும் இந்தப் பாட்டுல மனுஷனோட மனசைப் பத்தி இப்படித்தானே வருஷா வருஷம் சொல்லிட்டு இருக்கேன்" என்றார், மெல்ல.

"நீங்க சொல்றது விளக்கம்ங்க. இது வேற."

அந்த 'வேற' அவரைச் சுருக்கென்று குத்தியது. முட்டையைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். எழுதினதும் தான்தான், மட்டமானதும் தான்தான் என்றால் யாரைக் கோபித்துக்கொள்வது? அவருக்கு மறுகரை மேல் ஆத்திரம் வந்தது.

ஆத்திரம் வந்தாலும் விட முடியவில்லை. பிள்ளைகள் எழுதி ஓய்ந்த பிறகும் கேள்விக்கும் மறுகரைக்கும் பேச்சு நடந்தது. அவள் கூடத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். இவர் மாடியில் நிற்பார், மழை பெய்தால் பின்கட்டில் துவைக்கிற கல் மேல் உட்கார்ந்திருப்பார். நடுவே தாகம் எடுத்து உள்ளே வந்து, "டீ இருக்கா?" என்று கேட்டால், தலையைத் தூக்காமல், "ஃப்ளாஸ்க்ல பாருங்க" என்பாள். மறுகரை ஒரு சொல் எழுதினால் போதும், உடனே பதில் வரும்.

ஒருநாள் கேட்டாள்: 'அவள் கூப்பிடும் தூரத்தில்தான் இருக்கிறாள். நீ ஏன் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை?'

அவர் எழுதினார்: 'இத்தனை நாள் கூப்பிடாதவன் இன்றைக்குக் கூப்பிட்டால், ஐயோ என்ன ஆயிற்று, என்ன வேண்டும் என்றுதானே கேட்பாள்? எனக்கு ஒன்றும் வேண்டாம். சும்மா கூப்பிட வேண்டும். அது எப்படி என்று எனக்கு மறந்துவிட்டது.'

உள்ளே போய்ப் பார்த்தபோது அவள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல. உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"மறுகரை யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

வாத்தியாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "யாரு?"

"லாரிக்காரர் பொண்ணு. கடைசி பெஞ்ச். வருஷம் பூரா ஒரு வார்த்தை பேசாது, பேர் கூப்பிட்டா கையை மட்டும் தூக்கும். இப்பப் பார்த்தா டேப்லெட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேங்குது. நேத்து நான் மறுகரை எழுதினதைப் படிச்சேன், அது குனிஞ்சு சிரிச்சுக்கிட்டு இருக்கு. அதுதான். நிச்சயம் அதுதான்."

"கேட்டியா?"

"எப்படிக் கேட்கிறது, சட்டம் போட்டதே நான்தானே. ஆனா பாருங்க, இந்த ஒரு பிள்ளை பேசினது போதும். இதுக்குத்தான் நான் இவ்வளவும் பண்ணினேன்."

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் பாதி. மீதிப் பாதி, லாரிக்காரர் மகள் மேல் வந்த எரிச்சல். மாங்கு மாங்கென்று ஒற்றை விரலால் தட்டி எழுதுவது இவர், பேர் வாங்கிக்கொண்டு போவது அவளா? மறுநாள் தாழ்வாரத்தில் அந்தப் பெண் எதிரே வந்து வணக்கம் சொன்னபோது வாத்தியார் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டவில்லை. அந்தக் குழந்தை பயந்து ஒதுங்கிப் போயிற்று.

டீச்சர் வகுப்பில் நடக்கிற விஷயம் தலைமையாசிரியை காதுக்குப் போயிற்று. அந்த அம்மா எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவர். ஒருநாள் எல்லாரும் வந்து பார்க்கட்டும், பெற்றோரும் வரட்டும், நன்றாக இருந்தால் அடுத்த பருவத்திலிருந்து எல்லா வகுப்புக்கும் இதையே வைத்துவிடலாம், டீச்சரே பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும் என்றார். எல்லா வகுப்பும் என்றால் 'அ' பிரிவும்தான். வாத்தியார் தன் மனைவியிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும்.

அந்த நாளும் வந்தது. கூட்டம் கொள்ளாமல் தாழ்வாரத்திலும் நாற்காலி போட்டிருந்தார்கள். லாரிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் கடையைச் சாத்திவிட்டு வந்து, புரொஜெக்டர் கம்பியைக் காலால் யாரும் இடறாமல் காவல் காத்தான். வாத்தியார் கடைசி வரிசை ஓரத்தில், சட்டைப் பைக்குள் அந்தப் போன் கனக்க உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். சுவரில் வரி மேல் வரியாக வந்து விழுந்தது. நாய் எழுதிய ஒவ்வொன்றுக்கும் பெற்றோர்கள்கூட விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் கையில் சுண்ணாம்புக் கட்டிகூட இல்லாமல், முகம் ஜொலிக்க நின்றுகொண்டிருந்தாள். வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அழகாக இருக்கிறாள் என்று தோன்றியது. தன் வீட்டில் அவள் இப்படி இருப்பதில்லையே என்றும் தோன்றியது.

பாடம் முடிகிற நேரத்தில் அவள் மறுகரை எழுதியதை எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சந்தோஷம் அவளை நிறுத்தவிடவில்லை. தான் போட்ட சட்டத்தைத் தானே உடைத்தாள்.

"இதை எழுதுன பிள்ளை இந்த வருஷம் பூரா வகுப்புல வாய் திறந்ததில்ல" என்றாள். "யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா, அதுக்கு இஷ்டம் இருந்தா எழுந்து நிக்கட்டும்." கடைசி பெஞ்சைப் பார்த்தாள். "பயப்படாதேம்மா. உங்க அப்பாவும் வந்திருக்காரு. எழுந்திரு."

லாரிக்காரர் மகள் எழுந்து நின்றாள். அவள் அப்பா நாற்காலியில் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், நான் மறுகரை இல்ல" என்றாள் அந்தப் பெண்.

டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நான் நாய்."

வகுப்பு இடிந்து விழுகிற மாதிரி ஆரவாரம். "ஏய், நீதான் நாயா!" என்று பக்கத்துப் பெண் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். துடுப்பு எழுந்து, "நான்தான் துடுப்பு, என்னை எப்படித் திட்டின நீ!" என்றான். நான்தான் மழை, நான்தான் ஆறு என்று ஆளாளுக்கு எழுந்து முகமூடியைக் கழற்றினார்கள். அந்தப் பெண் எல்லாருக்கும் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் எழுந்து முடித்த பிறகு தலைமையாசிரியை கேட்டார். "அப்போ மறுகரை யாரு?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டாவது முகமூடி வைத்திருப்பவர்களையும் கேட்டாயிற்று. இல்லை.

"டீச்சர், வெளி ஆள் யாராவது உள்ளே வந்திருக்காங்களா?" தலைமையாசிரியையின் குரல் மாறிவிட்டது. "பிள்ளைங்க எழுதுற இடத்துல யாருன்னே தெரியாத ஒருத்தர் இத்தனை நாளா உட்கார்ந்திருக்காரா?"

பெற்றோர் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. "பொம்பளைப் பிள்ளைங்க இருக்கிற இடம்" என்றார் ஒருவர். லாரிக்காரர் எழுந்தே விட்டார். "முதல்ல இதை நிறுத்துங்க. எல்லாத்தையும் மூடுங்க" என்றார் தலைமையாசிரியை. டீச்சர் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் விழ வேண்டும் என்று வாத்தியார் ஆசைப்பட்டது உண்மை. சுவருக்கு அந்தப் பக்கம் சிரித்த நாளிலிருந்து ஆசைப்பட்டார். இதோ விழுகிறாள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

"நான்தான்" என்றார், எழுந்து.

வெண்கலக் குரல் வரவில்லை. இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்துக் காட்டினார். மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். முகத்தில் சிரிப்பு வந்தது. "அட! புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து போட்ட திட்டமா? முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்?"

டீச்சர் அவரை நேராகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவரால் சொல்ல முடியாது.

"ஆமா மேடம்" என்றாள். "சேர்ந்துதான் பண்ணினோம்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. முக்கால்வாசி அவருக்குத்தான். பிள்ளைகள் வந்து மொய்த்துக்கொண்டார்கள். "சார், நீங்களா சார் அது!" "எங்ககிட்ட அவ்வளவு திட்டு வாங்கியும் கம்முன்னு இருந்தீங்களே சார்!" லாரிக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பாட்டுக்கே உயிர் கொடுத்தவர் நீங்கள்தான் என்றார் இன்னொருவர். அவர் ஏங்கின பேரெல்லாம் ஒரு குறையில்லாமல் வந்து சேர்ந்தது. அவளுடைய வகுப்பில், அவளுடைய நாளில்.

வீட்டுக்கு வரும் வழியில் தூறல் போட்டது. அவள் குடையை விரிக்காமலே முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்ததும் நனைந்த புடவையைக்கூட மாற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க?" என்றாள்.

"பொறாமை" என்றார் வாத்தியார். வேறு சொல் தேடவில்லை.

"அது தெரியும். விளையாட்டுன்னு சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும். நான் அதைக் கேட்கல. அந்த மறுகரை எழுதினது எல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"என்கிட்டேருந்துதான்."

"இத்தனை வருஷத்துல அதுல ஒரு வார்த்தை என்கிட்டச் சொன்னதில்லையே நீங்க. டீ இருக்கா, சாவி எங்கே, பேப்பர் திருத்தியாச்சா. அவ்வளவுதானே நமக்குள்ள."

"நீயும்தான் சொன்னதில்ல."

"ஆமா. நானும்தான்." நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தாள். "தினமும் காலையில எழுந்ததும் அந்தப் பிள்ளைக்கு இன்னிக்கு என்ன கேள்வி கேட்கலாம்னுதான் முதல்ல நினைப்பேன். கூப்பிடறது எப்படின்னு மறந்துபோச்சுன்னு எழுதுச்சு பாருங்க, அன்னிக்கு எனக்குத் தூக்கமே இல்ல. இதுக்கு வீட்டுல பேச ஆளே இல்ல போலிருக்குன்னு நினைச்சு நினைச்சு..."

"இதோ இருக்கேனேம்மா. நான்தானே அது."

"நீங்க எப்பவும்தான் இருக்கீங்க" என்றாள் டீச்சர். "அந்தப் பிள்ளைதான் இனிமே இல்ல."

முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். சத்தம் வராமல், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். வாத்தியார் எதிரே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போகலாமா, தோளைத் தொடலாமா என்று தெரியவில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் தனக்காக அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது.